கோலி சாரின் ஜன்னல் அறை

அந்த வீட்டில் வெயில் வரும் அறை ஒன்றே ஒன்றுதான். அதில் குடியிருந்தவை கோலிக்குண்டுகள். சாதாரணக் கோலிகளா என்ன? ஜப்பான் கோலிகள்! அந்தக் காலத்தில் அங்கே கண்ணாடியை உருக்கிச் செய்தவையாம். முட்டை அடுக்கும் அட்டைகளில் குழிக்கு ஒன்றாக, அடியில் பஞ்சு போட்டுப் படுக்க வைத்திருந்தார் வீட்டுக்காரர். அவர் மனைவியின் தலையணையில் பஞ்சு கட்டிதட்டிப் பல வருஷம் ஆகிறது. அதைக் கேட்க நாதி இல்லை.

தெருவில் அவருக்குப் பெயர் கோலி சார். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. "ஊருக்கே கண்ணைத் திறந்து வைக்கிறவன் நான்" என்று அலட்டிக்கொள்வார். மனைவி தையல்காரி. பதினோரு வருஷம் முன்பு பழைய சாமான் கடையிலிருந்து அவர் முதல் கோலியைப் பொத்திக்கொண்டு வந்தபோது, ஏதோ ஆசைப்படுகிறார், போகட்டும் என்று விட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. ஒன்று நூறாகி, நூறு ஆயிரமாகி, அவளுடைய தையல் மெஷின் ஜன்னலோரத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து நடைவழிக்கு வந்து சேர்ந்தது. அங்கே ஒரு டியூப் லைட். அதுவும் கண் சிமிட்டுகிற ஜாதி.

இந்த இரண்டு வருஷமாக ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. நூலை எச்சில் தொட்டு முறுக்கி, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக் குத்தினால் அது ஊசிக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய் நிற்கும். துணி கொடுத்தவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்துபோனார்கள். எல்லாம் இந்த இருட்டால்தான் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"ஏங்க, அந்த ஜன்னல் எனக்கு வேணும்" என்றாள் ஒருநாள், கத்தரிக்கோலைப் படாரென்று வைத்துவிட்டு. "நான் சாயங்காலமா கேட்டா கோலி துடைக்கணும்னு ஓடுறீங்க. காலையில கேட்டா கடைக்கு ஓடுறீங்க. இன்னைக்கு பதில் சொல்லிட்டு நகருங்க."

அவர் தலையைச் சொறிந்தார். கோலி சேர்ப்பவர்கள் சங்கத்தின் செயலாளர் ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறார் என்றார். தன்னுடைய ஒரு கோலியையாவது அவர் அசல் பழசு என்று சொல்லிக் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டால், இனிமேல் அவள் அந்த அறையைக் கேட்கக் கூடாது. இல்லையென்றால் அறை அவளுக்கு.

"பேச்சு மாறக் கூடாது" என்றாள் அவள்.

அன்று முதல் அவருக்குத் தலைகால் புரியவில்லை. எந்தக் கோலியைக் காட்டுவது என்பதில் சந்தேகமே இல்லை. நடுவே நீலமாக ஏதோ சுழன்று ஓடும் ஒன்றை "மகாராணி" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். கோலிகளைப் பற்றி அவரிடம் ஒரு தடிப் புத்தகம் உண்டு. முழுக்க ஜப்பான் மொழி. ஒரு எழுத்து தெரியாது மனிதருக்கு. படம் பார்த்தே பண்டிதராகிவிட்டார்.

"இந்தா, மகாராணியைக் கையில வாங்கிப் பாரேன்" என்று பூரித்துப்போய் நீட்டினார். அவள் வேண்டாவெறுப்பாக வாங்கி விரலில் உருட்டினாள். துணியின் ஒரு இழை பிசகினாலும் கண்டுபிடிக்கும் விரல் அது.

"உங்க மகாராணிக்கு அடியில பரு வந்திருக்கு" என்றாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஆமாம், கடுகளவு சொரசொரப்பு. புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அதே மாதிரி ஒரு புள்ளி, சுற்றிலும் சிவப்பு வட்டம், கூடவே ஒரு அம்புக்குறி. பார்த்தாயா, இப்படி இருக்கக் கூடாது என்று வட்டம் போட்டே காட்டியிருக்கிறார்கள்! மறுநாள் மத்தியானம் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, லென்ஸுக்கு மெருகு போடும் இயந்திரத்தில் மகாராணியைப் பிடித்தார். பத்தே நிமிஷம். புள்ளி போன இடம் தெரியவில்லை. முப்பது வருஷ வேலைக்காரர் அல்லவா!

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் வந்தார். மகாராணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவர் புருவம் உயர்ந்ததும் கோலி சாருக்கு வாயெல்லாம் பல். வாசலில் நின்ற மனைவிதான், போச்சு, ஜன்னல் போச்சு என்று நினைத்தாள். செயலாளர் கோலியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"வெட்டுத் தழும்பு எங்க சார்?"

"எந்தத் தழும்பு?"

"உருகின கண்ணாடியைக் கம்பியில எடுத்து, கத்தரிச்சு விடுவாங்க. கத்தரிச்ச இடம் சொரசொரன்னு நிக்கும். அதுதான சார் அசலுக்கு அடையாளம்?" மேஜைமேல் இருந்த புத்தகத்தைப் பிரித்தார். "இதோ பாருங்க, வட்டம் போட்டு, அம்பு போட்டு, இதைத்தான் தேடணும்னு காட்டியிருக்கான்."

"அதை... நான் மெருகு போட்டுட்டேன்" என்றார் கோலி சார். குரல் பாதாளத்திலிருந்து வந்தது.

"அடப்பாவமே! கைரேகையைத் தேய்ச்சுட்டு வந்து ஆள் அடையாளம் சொல்லச் சொல்றீங்களே!" செயலாளர் மகாராணியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். மற்ற கோலிகளைப் பார்க்கக்கூட அவர் உட்காரவில்லை.

அவர் படி இறங்கியதும் மனைவி அட்டைகளைத் தூக்க ஆரம்பித்தாள். பதினோரு வருஷ எழுத்தறிவில்லாத பாண்டித்தியத்தை நினைத்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பருவைக் கண்டுபிடித்தது தன் விரல்தான் என்பது நினைவுக்கு வந்தபோதும் அவள் சிரிப்பை நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை காலை மெஷின் ஜன்னலடியில் இருந்தது. வெயில் தாராளமாகக் கொட்டியது. அவள் ஜம்மென்று உட்கார்ந்து, நூலை எச்சில் தொட்டு, ஊசியில் குத்தினாள். நூல் இந்தப் பக்கம் போனது. இரண்டாவது தடவை அந்தப் பக்கம். ஏழாவது தடவையும் அதே கதை. இத்தனை வெளிச்சத்தில், இத்தனை வெயிலில்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நடைவழியில் கோலி துடைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"உங்களுக்கு எதுக்கு? நான் என்ன கோலியா, எடுத்து வெளிச்சத்துல வச்சுப் பார்க்கிறதுக்கு?"

சட்டையை மாட்டிக்கொண்டு போனவர், கடையிலிருந்து கண் சோதிக்கும் லென்ஸ் பெட்டியுடன் திரும்பினார். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டார். நான்காவது லென்ஸில் ஊசியின் காது கதவு மாதிரித் திறந்து நின்றது. ஒரே குத்தில் நூல் உள்ளே போனது.

அவள் நிமிர்ந்தாள். கண்ணுக்கு நேரே அவர் சட்டைப் பை. அவள் கையால் தைத்த சட்டை. தையல் ஒரு ஓரத்தில் ஏறி, இன்னொரு ஓரத்தில் இறங்கி, பை பாதி சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, என்னங்க இது? இவ்வளவு கோணலா இருக்கே! மயிரிழைக் கீறல் எல்லாம் தெரியுற கண்ணுக்கு இது தெரியலையா?"

அவர் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"தெரிஞ்சுது" என்றார். "ரெண்டு வருஷமா எல்லா சட்டையும் இப்படித்தான வருது. இப்ப இதுதான் ஃபேஷன் போலன்னு நினைச்சேன்."