ஆறாத ஷாஃப்ட்

மாத்தளையிலிருந்து நாவுலவுக்குப் போகிற பாதையில் ஸஹாப்தீனின் பட்டறை இருக்கிறது. அங்கே இரும்பைக் கடைகிற இருபதடி நீள லேத் ஒன்று உண்டு. அதை ஓட்டுகிறவள் மரிய கொறற்றி. மலை ஆறுகளை மறித்துக் கரண்ட் எடுக்கிற பவர்ஹவுஸ்களில் டர்பைன் சுழலும் தண்டான ஷாஃப்ட் தேய்ந்துபோனால் லொறியில் ஏற்றி இவளிடம் கொண்டுவருவார்கள். தேய்ந்த இடத்தை வெல்டிங்கால் நிரப்பி, பழைய அளவுக்குக் கடைந்து கொடுப்பாள்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பது பையன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாகப் படித்தவள். வயது நாற்பத்தேழாகியும், தையல் பழகியிருக்கலாமே என்று கேட்கிற சொந்தக்காரர்கள் இன்னும் ஓயவில்லை. "ஊசியில நூல் கோர்க்க எனக்கு ஏதுங்க பொறுமை?" என்று சிரித்துவிடுவாள். இரும்பென்றால் அவளுடைய பொறுமைக்குப் பஞ்சமில்லை.

"கொறற்றி அளந்தா வேற ஆள் அளக்கத் தேவையில்ல." பட்டறைக்கு வருகிறவர்களிடம் ஸஹாப்தீன் இதைச் சொல்லாமல் விட்ட நாள் குறைவு. அவள் காதில் விழாதவள் மாதிரி வேலையைப் பார்ப்பாள். அத்தனையும் விழும். அந்தப் பேச்சு அவளுக்குச் சம்பளத்தைவிடப் பெரிது.

போன ஆவணியில் பல்லேகமவுக்கு மேலேயுள்ள பவர்ஹவுஸிலிருந்து ஒரு ஷாஃப்ட் வந்தது. பருமன் பானை வாய் அகலம். அன்று நாலரைக்குக் கோயில் திருவிழாவுக்குப் பாட்டுப் பயிற்சி. பிந்திப் போனால், தனியாகப் பாடுகிற முதல் வரியைக் கூடப் பாடும் ரொஷானி பிடித்துக்கொள்வாள். கொறற்றி அதற்கு விடுகிறவளா? நாலு மணிக்குக் கடைசிச் சீவலை எடுத்து, அளந்து பார்த்து, அளவு சரியென்று எழுதிவைத்துவிட்டு ஓடினாள்.

கடையும்போது இரும்பு சூடேறிப் பருக்கும். ஆறவிட்டு அளந்த பிறகுதான் கடைசிச் சீவல். ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிறவளே அவள்தான். மறுநாள் காலை, குளிர்ந்த ஷாஃப்டில் மைக்ரோமீற்றரை வைத்தாள். மில்லிமீற்றரில் நூறில் நாலு பங்கு குறைவு. அதைத் தாங்கும் பெயாரிங்கை, அவள் எழுதிவைத்த அளவை நம்பி, பட்டறையில் கூட வேலை செய்கிற றினோஸ் முந்தின நாள் மாலையே குடைந்து முடித்திருந்தான்.

பத்து மணிக்கு லொறி வந்துவிடும். வாய் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஒன்றிரண்டு வருஷம் ஓடும், பிறகு அதிரத் தொடங்கும், வயசான மெஷின் என்பார்கள். இத்தனை வருஷம் சேர்த்த பெயரைத் தன் வாயாலேயே கெடுப்பதா? பிளேன்டீயைக் குடிக்காமல் ஆறவைத்துவிட்டு எழுந்து போனாள்.

"ஸஹாப்தீன் நானா, லொறிய நிப்பாட்டுங்க. நேத்து சூட்டோட அளந்துட்டேன். நாலு கொறையுது."

"யா அல்லாஹ்! நீங்களா தங்கச்சி?"

"நானேதான். பாட்டுக்குப் போற அவசரம்."

ஸஹாப்தீன் கொஞ்ச நேரம் கத்தினார். பெயாரிங்கின் உள்பூச்சை உருக்கி எடுத்து, புதிதாக வார்த்து, ஷாஃப்டின் மெய்யான அளவுக்குக் குடைய இரண்டு நாள் ஆனது. குடைகிற வேலையைக் கொறற்றியே செய்தாள். ஷாஃப்டில் கட்டுகிற அட்டையில் குறைந்த அளவையே எழுதி, கீழே தன் பெயரையும் போட்டாள். பவர்ஹவுஸ் எஞ்ஜினியர் கிறிஷாந்துக்கு ஃபோன் பண்ணி நடந்ததைச் சொன்னதும் அவள்தான். அவர் "ம்" என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் பாட்டில் முதல் வரி ரொஷானிக்குப் போனது. கொறற்றி சண்டைக்கும் போகவில்லை.

பத்து நாள் கழித்து கிறிஷாந்திடமிருந்து ஃபோன் வந்தது.

"மெஷின் சத்தமே இல்லாம ஓடுது அக்கா. எங்க இருந்து வேலை வந்தாலும் நான் மறுபடி அளந்துதான் மாட்டுவேன். மத்தவங்க அட்டையில நான் கேட்ட அளவுதான் எழுதியிருக்கும், உள்ள வேற அளவு இருக்கும். அட்டையில இருந்ததே ஷாஃப்டிலயும் இருந்தது உங்களோடதுல மட்டுந்தான். இன்னும் ரெண்டு ஷாஃப்ட் அனுப்புறேன். இனிமே உங்க வேலைய நான் அளக்கப் போறதில்ல."

கொறற்றிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

"இல்ல சார், அளங்க," என்றாள். "காலையில, ஆறியிருக்கிறப்போ அளங்க."