பதினேழாம் நம்பர் வில்லை

1936-ஆம் வருஷம், ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. காலை எட்டு மணி பஸ்ஸில் ஆய்க்குடியிலிருந்து தென்காசிக்குப் புறப்பட்டேன். சட்டைப் பையில் பழைய பித்தளை வில்லை ஒன்று இருந்தது. என் மூத்த மகளின் கல்யாணம் நடக்குமா, நின்றுவிடுமா என்பது அன்று அந்த வில்லையைப் பொறுத்து இருந்தது.

நான் பத்திரப் பதிவு ஆபீஸில் குமாஸ்தா. இருபத்திரண்டு வருஷமாக டைரி எழுதி வருகிறேன். மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, எத்தனை மணிக்கு விட்டது என்பதுகூட அதில் இருக்கும். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு தடவை சரிபார்க்காமல் பேசிவிட்டேன்.

வில்லை என் பூட்டனாருடையது. செங்கோட்டைப் பக்கமிருந்து ஆய்க்குடிக்கு வந்து குடியேறியவர் அவர். வரும்போது உடுத்தின வேட்டியையும் இந்த வில்லையையும் தவிர அவரிடம் ஒன்றும் இல்லையாம். அரை உள்ளங்கை அகலம் இருக்கும். மேலே ஒரு துளை. ஒரு பக்கம் தராசுப் படம், மறுபக்கம் பழைய தமிழ் எண்ணில் பதினேழு. தராசு இருப்பதால் அவர் வியாபாரி என்றும், பதினேழு என்பது கடை தொடங்கிய பதினேழாம் வருஷம் என்றும் நானே தீர்மானித்துக்கொண்டேன். தம் மகனுக்குப் பெண் கேட்டு வந்த சுரண்டை ஜவுளிக் கடைக்காரர் தம் குடும்பத்துக் கடைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது, சம்பளக்காரனான எனக்கு என்னவோ போல் இருந்தது. உள்ளே போய் வில்லையை எடுத்து வந்து காட்டினேன். "எங்க பூட்டனாரு சொந்தமா வில்லை அடிச்சு மிளகு வியாபாரம் பண்ணினவரு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் நிச்சயம் என்று பேசி முடித்தோம்.

ஆடி பிறந்ததும் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. சாரலுக்காகக் குற்றாலத்தில் தங்கியிருக்கிறாராம். தென்காசியில் தமக்கு வியாபாரிகள் பலரைத் தெரியும், வியாழக்கிழமை வில்லையோடு குற்றாலத்துக்கு வந்தால் கூட்டிப்போய் அவர்களிடமெல்லாம் காட்டலாம் என்று எழுதியிருந்தார்.

அன்றுதான் பயம் பிடித்தது. மற்றவர் பார்க்குமுன் நாமே விசாரித்துவிட வேண்டும் என்று, உடன் வேலை பார்க்கும் தென்காசிக்காரரிடம் வில்லையைக் காட்டினேன். "இதே தராசுப் படம் பெரிய கடைத்தெருவில ஒரு ராவுத்தர் மிளகுக் கடை வாசல் நிலையில செதுக்கியிருக்கே" என்றார் அவர்.

அந்தத் தெருவுக்கா போவது என்று தயங்கினேன். காரணம், எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தென்காசிக்கு யார் போனாலும் அந்தக் கடைத்தெருவுக்குள் மட்டும் நுழையக்கூடாது. சுற்றித்தான் போக வேண்டும். ஏன் என்று கேட்டால் குலசாமி வாக்கு என்பார்கள். நாற்பத்தாறு வயது வரையில் நானும் சுற்றித்தான் போயிருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை, கோயில் மொட்டைக் கோபுரத்தின் அருகில் இறங்கி, முதல் தடவையாக அந்தத் தெருவுக்குள் கால் வைத்தேன். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள் என்பது போல உடம்பு கூசியது.

கடையில் மிளகும் சுக்கும் கலந்த நெடி. ராவுத்தருக்கு ஐம்பது வயதிருக்கும். வில்லையை வெளியே எடுக்காமல், பழைய வியாபார வில்லைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"சர்க்கார் ஆளா? வரி கிரி போடப் போறியளா?" என்று சிரித்தார். "உட்காருங்க அண்ணாச்சி. சாயா குடிக்கியளா?"

உள்ளே போய் ஒரு இரும்புக் கம்பியைக் கொண்டு வந்தார். என் பையில் இருப்பதைப் போலவே வில்லைகள் அதில் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன.

"இது காசு இல்ல. ரயில் வருமுன்ன, மலைக்கு அந்தப் பக்கமிருந்து மிளகு தலைச்சுமையாத்தான் வரும். மூட்டையத் தூக்கி விடும்போது சுமைக்காரர் கழுத்துல ஒரு வில்லையக் கட்டி விடுவாங்க. இங்கன வந்து மூட்டைய இறக்கினதும் அவுத்து இந்தக் கம்பியில கோத்துருவாங்க. கம்பியில வில்லை இருந்தா சரக்கும் வந்துட்டு, ஆளும் வந்துட்டாருன்னு அர்த்தம். மொத்தம் நாப்பது."

சாயாவைக் கீழே வைத்தேன். என் பூட்டனார் வியாபாரி இல்லை, சுமை தூக்கியவர். அது போகட்டும். மூட்டையை இறக்கியிருந்தால் வில்லை இந்தக் கம்பிக்கு வந்திருக்க வேண்டும். அது எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்படியானால் மூட்டை எங்கே போயிற்று? எங்கள் குடும்பம் ஏன் இந்தத் தெருவைச் சுற்றிப் போகிறது என்பது அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது.

கம்பியைப் பார்த்தேன். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் துணி முடிச்சு.

அப்படியே எழுந்து போயிருக்கலாம். போகும் வழியில் சிற்றாற்றுப் பாலத்திலிருந்து வில்லையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, தொலைந்துவிட்டது என்று குற்றாலத்தில் சொல்லியிருக்கலாம். நிஜமாகவே எழுந்தும் விட்டேன். ஆனால் வாய் தன்னால் கேட்டுவிட்டது. "இந்த முடிச்சு?"

ராவுத்தரின் சிரிப்பு அடங்கியது. "அது பதினேழு. பேரு யாருக்கும் தெரியாது. மலையில நல்ல மழை. ஓடையில வெள்ளம் வருது, இன்னைக்குப் போக வேண்டாம்னு சுமைக்காரங்க சொல்லியிருக்காங்க. எங்க அத்தாவோட அத்தா பிடிவாதமா அனுப்பிட்டாரு. முப்பத்தொம்பது பேரு வந்தாங்க. பதினேழு வரல. வெள்ளம் கொண்டுட்டுப் போயிட்டு. நான் ஒரு உசிரைக் கொன்னுட்டேன்னு சொல்லிச் சொல்லியே பெரியவரு மௌத்தானாரு. இன்னைக்கும் நோன்புக் கஞ்சியில ஒரு குடம் அந்தப் பதினேழாம் நம்பருக்குன்னு சொல்லித்தான் ஊத்துதோம்."

எத்தனை நேரம் அப்படியே நின்றேன் என்பது டைரியில் இல்லை. பிறகு வில்லையை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன்.

"அவரு சாகல பாய். மூட்டையப் போட்டுட்டுப் பிழைச்சு வந்திருக்காரு. திரும்பி வந்து சொல்லப் பயந்து ஆய்க்குடியிலேயே ஒளிஞ்சு வாழ்ந்துட்டாரு. நான் அவரோட பேரன் மகன்" என்றேன்.

அவர் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதோ வைகிறார், ஆளைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். ஆளைத்தான் கூப்பிட்டார், உள்ளே இருந்த தம்பியை.

"ஏலே, இங்கன ஓடி வா! பதினேழு வந்திருக்காரு!"

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எத்தனை வயசு வரைக்கும் இருந்தாரு? பிள்ளைங்க எத்தனை?" மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

துணி முடிச்சை அவரே அவிழ்த்தார். வில்லையை என்னைக் கோக்கச் சொன்னார். கோத்தேன்.

ஆனால் பாதி பாரம்தான் இறங்கியிருந்தது. குதிரை வண்டி பிடித்துக் குற்றாலம் போனேன். சாரல் முகத்தில் அடித்தது. சுரண்டைக்காரர் அருவிக்குப் பக்கத்துப் பாறையில், கோவணத்தோடு குப்புறப் படுத்திருந்தார். ஒரு ஆள் அவர் முதுகில் எண்ணெய் வைத்து அடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணாச்சி, வில்லை எங்க?" என்றார், தலையைத் தூக்காமல்.

வில்லை இல்லை என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். முதுகில் விழுந்த அடி மெதுவாகி, பிறகு நின்றே விட்டது.

"நீ என்னலே கதை கேட்கே? தேய்லே!" என்று அவனை ஒரு அதட்டு அதட்டினார். பிறகு என்னிடம், "சுரண்டையில பாதிப் பேருகிட்டச் சொல்லிட்டேன், வில்லை அடிச்ச குடும்பம்னு" என்றார்.

"பாய்கிட்டச் சொல்லாம வந்திருக்கலாம்லா? எங்கிட்டயும் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்கலாம். ஏன் சொன்னிய?" என்று கேட்டார்.

"செத்துட்டாருன்னு நினைச்சு அவங்க கஞ்சி ஊத்துதாங்க. அவரு பிழைச்சதாலதான் நான் இங்கன நிக்கேன். எப்படிச் சொல்லாம வர?"

அவர் எழுந்து அருவிக்குள் போய்விட்டார். கடிகாரத்தைப் பார்த்தபடி பாறையில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு நிமிஷம். வீட்டில் மகளுக்குப் புடவை எடுப்பது பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு வார்த்தையாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தவர், துண்டை வாங்கித் தலையைத் துவட்டினார்.

"அண்ணாச்சி, பத்திரிகை அடிச்சதும் முதல் பத்திரிகை அந்தப் பாய்க்கு வைக்கணும். நானும் வருதேன். ரெண்டு பேருமா அந்தத் தெரு வழியாவே நடந்து போவோம்."

அப்படியே போனோம். கல்யாணத்துக்கு ராவுத்தர் தம்பியோடு வந்து, கடைசிப் பந்தி வரை இருந்தார்.

வில்லை இன்று என்னிடம் இல்லை. கோப்பதற்கு முன்னால் அதை டைரியில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டேன். அந்த வட்டம் மட்டும் இருக்கிறது. திருடன் என்பார்களே என்று பயந்து என் பூட்டனார் எந்தத் தெருவை ஆயுள் முழுவதும் சுற்றிப் போனாரோ, அதே தெருவில் அவர் பெயர்கூடத் தெரியாமல் அவருக்காகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். யாரிடமாவது ஒன்றைச் சொல்லப் பயந்து நாளைத் தள்ளும்போதெல்லாம், அந்தப் பக்கத்தைத் திறந்து வட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.