பதினொரு தணிகாசலமும் ஒரு மெயில் சர்வரும்

மெயில் சர்வர் வைப்பவனின் பிழைப்பு விசேஷமானது: கடிதம் ஒழுங்காகப் போனால் அப்படி ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது, தவறிப் போனால் அவன் வீட்டுக்கு வழி எல்லாருக்கும் தெரியும். "பாஸ்வேர்டை நான் மாத்தவே இல்ல, அதுவா மாறிடுச்சு" என்பவர்களிடம் தலையாட்டிச் சம்பளம் வாங்கும் சக பாவிகளே, திருத்தணியில் ஒரு லுங்கி கம்பெனியில் நான் பட்டதைக் கேளுங்கள்.

எண் ஒழிப்பு மாநாடு

எங்கள் கம்பெனிக்குத் திருத்தணியில் தலைமை அலுவலகம், பொதட்டூர்பேட்டையில் தறிக்கூடம், ஆர்.கே.பேட்டையில் சாயப் பிரிவு, கனகம்மாசத்திரத்தில் குடோன். எல்லோருக்கும் ஊழியர் எண்தான் மெயில் முகவரி. முப்பத்தேழுக்கு அனுப்பினால் முப்பத்தேழுக்குப் போகும். இவ்வளவு நன்றாக நடக்கும் ஒரு விஷயத்தை எந்த முதலாளிதான் சும்மா விடுவார்? ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்த கையோடு மீட்டிங் போட்டார். மனிதனை எண்ணால் அழைப்பது ஜெயில் வழக்கமாம். இனி நிஜப் பெயருக்குத்தான் கடிதம் போக வேண்டும், லீவு முதல் இடமாற்றம் வரை எல்லா உத்தரவும் மெயிலில் மட்டுமே என்று அரைமணி நேரம் உருகினார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

பேசி முடித்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது.

"ஏம்பா, உன் பேரு இன்னா? ஆங், எதுவா இருந்தா இன்னா, திங்கக்கெழமைக்குள்ள முடிச்சிடு."

குடோன்காரரின் நம்பிக்கை

வெளியே வந்ததும் குடோனில் வேலை பார்க்கும் தணிகாசலம் என்னைப் பிடித்துக்கொண்டார். மனைவி பொதட்டூர்பேட்டை வீட்டில் நிறைமாதம், துணைக்கு ஆள் இல்லை. இவரோ தினமும் பஸ் மாறி மாறிக் கனகம்மாசத்திரத்துக்கு வந்துபோகிறார். சொந்த ஊர்த் தறிக்கூடத்தில் ஓர் இடம் காலி. எழுதிக் கொடுத்துவிட்டார், முதலாளியும் சரி என்றுவிட்டார். உத்தரவு கைக்கு வரவேண்டியதுதான் பாக்கி. குழந்தை பிறப்பதற்குள் வந்துவிடுமா என்பதுதான் அவர் கவலை.

எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் உண்டா? புது சர்வரில் நேராக உங்கள் பெயருக்கே வரும் என்று அடித்துச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

"நம்பரு போட்டு வந்தப்ப நம்பிக்கையே இல்ல சார். பேருக்கே வருதுன்னா கண்டிப்பா வந்துடும்."

பெயர்ப் பட்டியல்

அலுவலகத்தில் ஆள் கணக்கு பார்க்கும் மாலதி கொடுத்த பட்டியலில் பதினொரு தணிகாசலம் இருந்தார்கள். இந்தப் பக்கம் பிள்ளை வரம் கேட்டு மலையேறி, பிறந்ததும் முதல் மொட்டையை அங்கேயே போட்டு, மலைமேல் இருக்கும் முருகன் பெயரையே மூத்தவனுக்கு வைப்பார்கள். சாமி கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று யோசித்தார்களே தவிர, சர்வரைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. இனிஷியல் காப்பாற்றும் என்று நம்பினேன். தாத்தாக்களும் அதே மலைக்குத்தான் போயிருக்கிறார்கள். ஐந்து பேருக்கு அப்பா பெயர் சுப்பிரமணி.

மாலதிக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. குடோன்காரர் 'சத்திரத்து தணிகா', சாயப் பிரிவின் மூத்தவர் 'பாவா', இன்னொருவர் 'மீசை', மற்றொருவர் 'புல்லட்'. நான் முழிப்பதைப் பார்த்து அவளுக்குப் பரிதாபமாகிவிட்டது.

"கூப்புடற பேர எழுதுங்க சார். மீசைன்னு போட்டா மீசைக்குப் போவுது, இதுல இன்னா கஷ்டம்?"

படித்தவன் அதையெல்லாம் கேட்பேனா?

யார் ஒன்று?

ஐந்து எஸ். தணிகாசலங்களுக்கும் பெயருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டேன். எண் ஒழிப்புத் திட்டத்தின் முதல் சாதனை அதுதான். மறுநாளே பாவா ஆர்.கே.பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். தெலுங்குக் குடும்பம், உறவோ இல்லையோ ஊரே அவரை அத்தான் முறை வைத்துப் பாவா என்றுதான் கூப்பிடும். அவருக்கு நான் நாலாம் இடம் கொடுத்திருந்தேன். திருவிழாவில் தனக்குத்தான் முதலில் பரிவட்டம் கட்டுகிறார்கள் என்பதை மூன்று முறை சொன்னார்.

ஒன்றாம் இடத்தைக் கொடுத்துவிட்டேன். கூடவே ஒரு புத்திசாலித்தனமும் செய்தேன். யாராவது எண் போட மறந்து வெறும் தணிகாசலம் என்று அனுப்பினால், கடிதம் திரும்பிப் போகாமல் ஒன்றாமவருக்குப் போகட்டும் என்று வைத்தேன். பாவா எழுந்து என் தோளைத் தட்டினார்.

"இப்பதான் நைனா உன் கம்ப்யூட்டருக்குப் பெரியவங்க சின்னவங்க தெரியுது."

உத்தரவு போய்ச் சேர்ந்தது

அடுத்த வாரம் முதலாளி தன் கையாலேயே அந்த உத்தரவை அனுப்பினார். தணிகாசலம் பொதட்டூர்பேட்டை தறிக்கூடத்தில் உடனே சேரவும் என்று ஒரே வரி. முகவரியிலும் வெறும் தணிகாசலம். என் சர்வர் அதை ஒரு நொடியில் பாவாவிடம் சேர்த்தது. ஒன்றாம் இடத்துக்குச் சண்டை போட்டதற்குத் தண்டனை என்று பாவா நினைத்துக்கொண்டார். ரோஷக்காரர், காரணம் கேட்பாரா? மறுநாள் டிபன் கேரியரோடு போய்த் தறிக்கூடத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

குடோன்காரர் தினமும் காலையில் எனக்குப் போன் செய்து உத்தரவு வந்ததா என்று கேட்டார். சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது என்று தினமும் சொன்னேன். பொய்யில்லை. ஒன்பதாம் நாள், பாவா ஏன் பொதட்டூரில் உட்கார்ந்திருக்கிறார் என்று மாலதி கேட்டபோதுதான் சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். உடனே பாவாவுக்குப் போன் போட்டேன். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"தணிகாசலம்னு போட்டு வந்துது, போனேன். என் பேருதானே நைனா அது?"

பெண் குழந்தை

முதலாளியிடம் ஓடிப்போய் ஒப்புக்கொண்டேன். திட்டு வாங்கிக்கொண்டு, சரியான ஆளுக்கு உத்தரவைக் காகிதத்தில் அடித்து, நானே கனகம்மாசத்திரத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு நாள் தாமதம். முந்தைய நாள் அவர் குடோனில் லுங்கி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் மனைவிக்கு வலி கண்டு, பக்கத்து வீட்டுப் பெண்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள். அவர் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. இருவரும் நலம் என்றார். காலையில் சாவியை ஒப்படைக்க மட்டும் குடோனுக்கு வந்திருந்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். உத்தரவை இரண்டு முறை படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பொண்ணு பொறந்திருக்குது சார். உங்க சர்வர்ல யாருக்கும் இல்லாத பேரா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க, அதையே வெச்சிடறேன்."

நம் தொழிலில் எந்தக் கடிதமும் தொலைவதில்லை நண்பர்களே, அதற்காகக் காத்திருப்பவர்தான் நம் கணக்கில் வருவதில்லை.