ஒரு 'பி' குறைந்த தந்தி

மாமா அந்தச் சாவிக்கொத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மலாக்காவின் பத்து பெரெண்டாம் வட்டாரத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில் எல்லோருக்கும் கொடுத்தது அது. கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்குக்குள் நகத்தளவுகூட இல்லாத ஒரு சில்லு. சோதனையில் தேறாத சில்லுகளைத்தான் இப்படி அழகுபடுத்தி எங்கள் தலையில் கட்டுவார்கள். கணினிக்கும் அதோடு இணைக்கும் கருவிகளுக்கும் நடுவே செய்தி கொண்டுபோகிற சில்லு என்றேன். எவ்வளவு வேகம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். மாமா, எத்தனை கம்பி என்று கேட்டார்.

போக ஒரு சோடி, வர ஒரு சோடி, அவ்வளவுதான் என்றேன். முன்பெல்லாம் நிறையக் கம்பிகளை அருகருகே போட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தள்ளிவிடுவார்கள். வேகம் கூடக் கூட ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், வந்து சேர்வதற்குள் எல்லாம் குழம்பிவிடும். அதனால் இப்போது ஒற்றை வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக, ஆனால் கண் இமைப்பதற்குள் கோடிக்கணக்கில் அனுப்புகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் வருகிற புதுச் சில்லு பழையதை ஆமையாக்கிவிடும். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். இளம்வயதில் தந்தி அலுவலகத்தில் டெலிபிரிண்டரில் உட்கார்ந்தவர் அவர். ஒரே கம்பி, ஓர் எழுத்துக்கு ஐந்து துடிப்பு, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அதுவும் போகும். இத்தனை படித்தவர்கள் ஊரைச் சுற்றி வந்து எங்கள் வாசலிலேயே நிற்கிறீர்களே என்று கிண்டல் செய்தார்.

மாமா என் அம்மாவின் அண்ணன். மலாக்காவின் காஜா பேராங்கில் பல தலைமுறையாக வாழ்கிற மலாக்கா செட்டிக் குடும்பம். சாமி தமிழ், பெயர் தமிழ், அப்பா, மாமா என்கிற உறவுமுறை தமிழ். மற்றபடி வீட்டுக்குள் பேசுவது மலாய். அம்மா மட்டும் தமிழ் பேசுகிறவரைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குப் போய், சண்டை போடுகிற அளவுக்குத் தமிழ் கற்றுக்கொண்டாள். பேச்சின் முடிவில் போடுகிற மலாய் 'லா' மட்டும் அவள் தமிழிலும் ஒட்டிக்கொண்டது.

மலாயா விடுதலை பெற்ற மெர்டேக்காவை ஒட்டிய மாதங்களில் நடந்தது இது. ஊரெங்கும் கொடியும் தோரணமும். அம்மா என்னை வயிற்றில் சுமந்துகொண்டு சிங்கப்பூரில் இருந்தாள். இங்கே தாத்தா படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மகளை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்ட ஒரே விஷயம். மாமா தன் பொறியில் தானே உட்கார்ந்து தங்கைக்குத் தந்தி அடித்தார். தந்தி என்றால் சுருக்கம். 'அப்பா சாக்கிட்.' அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இந்த இரண்டு சொல் போதும், அடுத்த வண்டியில் வந்துவிடுவாள் என்று நினைத்தார்.

அப்பா என்று ஆங்கில எழுத்தில் அடிக்க இரண்டு 'பி' வேண்டும். சிங்கப்பூரில் அம்மா கைக்கு வந்த தாளில் ஒன்றுதான் இருந்தது. ஒரு 'பி' விழுந்ததும் அது 'அபா' என்ற மலாய்ச் சொல்லாகிவிட்டது. அபா என்றால் 'என்ன'. சாக்கிட் என்றால் நோயும்தான், வலியும்தான். என்ன, வலி எடுத்துவிட்டதா என்று அண்ணன் பிரசவத்தைப் பற்றிக் கேட்பதாக அம்மா எடுத்துக்கொண்டாள். அண்ணனுக்கு எதிலும் அவசரம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாளாம். சிரித்த கையோடு பதிலும் கொடுத்தாள். 'பெலும் சாக்கிட்.' இன்னும் வலிக்கவில்லை.

மாமா அதை வேறு மாதிரி படித்தார். இன்னும் அவ்வளவு நோயில்லை, அதற்குள் என்ன அவசரம் என்று தங்கை கேட்பதாகப் பட்டது. கல்யாணமாகிப் போனதும் இவ்வளவு திமிரா என்று பொருமினார். தாத்தாவிடம், வருகிறாள், வழியில் இருக்கிறாள் என்று பொய் சொன்னார். பொறி அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மறுதந்தி அடிக்கவில்லை. தாத்தா வாசலைப் பார்த்தபடியே போனார். சாவுச் செய்தியை மாமா ஆங்கிலத்தில் அனுப்பினார்.

எல்லாம் முடிந்த பிறகு அம்மா நிறைவயிற்றோடு வந்து இறங்கினாள். வலி வந்ததா என்று கேட்டாயே, அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாயா என்று அண்ணனிடம் கத்தினாளாம். தொழில் தெரிந்த மாமாவுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார் என்று அத்தை சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு அவர் பொறிப்பக்கம் போகவில்லை. கவுண்டருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே தந்தி கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் செய்தியை வாசித்துக் காட்டி, இதுதானே சொல்ல வந்தது என்று கேட்டுக்கொண்டிருப்பார். இவரிடம் தந்தி கொடுப்பதற்கு நடந்தே போய்ச் சொல்லிவிடலாம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பிற்பாடு நாங்கள் மலாக்காவுக்கே வந்து, அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தோம். அண்ணனும் தங்கையும் பேசாமல் இல்லை; மருந்து, மழை, கோயில் திருவிழா எல்லாம் பேசுவார்கள். தந்தியைப் பற்றி மட்டும் பேச்சே கிடையாது. அந்த 'பி'யைத் தின்றது கம்பியா, விரலா, எழுத்துப் பிழை என்று நினைத்துத் திருத்திய யாரோ ஒரு குமாஸ்தாவா என்று மற்ற உறவுக்காரர்கள்தான் சலிக்காமல் வாதாடுவார்கள்.

அன்று சாவிக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு மாமா கேட்டார், உங்கள் சில்லில் வழியில் ஓர் எழுத்து விழுந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று. நான் குஷியாகிவிட்டேன், என் வேலையே அதுதான். சில்லு அனுப்புகிற செய்தியை வேண்டுமென்றே கெடுத்து, மறுமுனை கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். செய்தியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணை அனுப்புவோம். வாங்குகிறவன் தானும் கணக்குப் போட்டுப் பார்ப்பான், ஒத்துவராவிட்டால் அந்தப் பொட்டலத்தைத் திரும்ப அனுப்ப வைப்பான். சரியாக வந்தது என்ற பதில் கிடைக்கும்வரை அனுப்பியவனும் விடமாட்டான். வேகம் பெரிதில்லை மாமா, இந்த வேகத்திலும் சலிக்காமல் திரும்பக் கேட்கிறதே, அதுதான் பெரிது என்று அளந்துகொண்டே போனேன்.

மாமா சாவிக்கொத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அக்கு தாக் தாஞா பாலிக்."

நான் திரும்பக் கேட்கவில்லை என்று அர்த்தம். 'பி' போனது யாராலோ போகட்டும். தங்கையிடமிருந்து வந்த பதில் அவளுடைய குணத்துக்கே ஒத்துவரவில்லை, அது அப்போதே உறுத்தியது, ரோஷத்தில் கேட்காமல் இருந்துவிட்டேன் என்றார். இதை அம்மாவிடம் சொல்லுங்களேன் என்றேன். "நாந்தி" என்றார். அப்புறம் பார்க்கலாம் என்பதற்கு மலாயில் சொல்வது அது. சரி என்று விட்டுவிட்டேன். மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தவர், அந்தக் காய்ச்சலிலேயே போய்விட்டார்.

போகிக்கு எங்கள் வீடுகளில் பார்ச்சு வைப்பார்கள். செத்துப்போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைத்து, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று சற்று விலகி நிற்பது வழக்கம். அந்த ஆண்டு மாமாவுக்கும் ஓர் இலை. அம்மா குனிந்து மீன் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். இனியும் வைத்துக்கொள்ள முடியாது என்று, மாமா சொன்னதை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். கரண்டி அப்படியே நின்றது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லச் சொன்னேம்மா. அப்புறம்னாரு. நான் விட்டுட்டேன்."

அம்மா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"நீயாவது இன்னொரு தடவ கேட்டிருக்கலாம் லா."