தூளிக்குள் இருந்த பாக்குவெட்டி

பினாங்கின் பாலிக் புலாவ் சந்தையில் மீன்காரர் ஒரு கொடுவாவைப் பையில் போட்டுக் கொக்கித் தராசில் மாட்டினார். முள் ஆடி ஆடி நின்றது. எனக்கு மீன்வாடை மறைந்து ஸ்பிரிட் வாசம் வந்துவிட்டது. மீனைப் பார்த்தால் பிள்ளை ஞாபகமா என்று நீங்கள் சிரிக்கலாம். சமூகத் தாதியாக வீடு வீடாகப் போய், பிறந்த குழந்தைகளை நான் நிறுத்ததும் இதே மாதிரித் தராசில்தான்.

ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி வீடுகள் என் எல்லை. லிஃப்ட் ஓடாத நாட்களே அதிகம். தோள்பையில் பஞ்சு, ஸ்பிரிட், தராசு, அதில் மாட்ட ஒரு துணித் தூளி. "மிஸ்ஸி வந்துட்டாங்க" என்று குரல் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிது அல்லவா? பினாங்குப் பிள்ளைகளெல்லாம் என் கைராசியால்தான் வளர்கின்றன என்று நினைப்பு.

ஏழாம் மாடியில் சாந்திக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை. கணவருக்குப் புக்கிட் தெங்காவில் ஃபேக்டரி வேலை. பத்தியம் பார்க்க அவருடைய அக்கா லெட்சுமி வந்திருந்தார். வீடெங்கும் பூண்டும் நல்லெண்ணெயும் மணக்கும். அதற்காகவே ஐந்து நிமிடம் கூடுதலாக உட்காருவேன்.

ஆறாம் நாள் தூளியை ஜன்னல் கம்பியில் மாட்டி நிறுத்தேன். நான்காம் நாள் பார்த்ததைவிட எடை நன்றாக ஏறியிருந்தது. "பாத்தீங்களா!" என்று பெருமையடித்து, புத்தகத்தில் எழுதிவிட்டு வந்தேன். எட்டாம் நாளும் அதே எடை. சாந்தி கண்கலங்கினாள்.

"துணியே நனைய மாட்டேங்குது மிஸ்ஸி. பயமா இருக்குலா."

பிள்ளையைத் தூக்கினேன். கைக்குத் தெரிந்த எடை வேறு, தராசு சொன்னது வேறு. தூளியை உதறினேன். டங்கென்று ஒரு பாக்குவெட்டி தரையில் விழுந்தது.

லெட்சுமியக்கா வெலவெலத்துப் போனார். "பச்சப் புள்ளய ஜன்னல்கிட்ட தொங்க விடுறீங்க. காத்து கருப்பு அண்டாம இருக்க ரெண்டு தடவையா இரும்பு வச்சேன் மிஸ்ஸி. எடையில சேரும்னு யோசிக்கலலா."

எனக்குக் கோபம் என் மேல்தான். இரண்டே நாளில் அவ்வளவு ஏறாது என்று படித்தவள் நான். இரும்பில்லாமல் நிறுத்தால் பிறந்த எடைகூட இல்லை. உடனே கிளினிக்குக் கொண்டு ஓடினோம். பிள்ளைக்குப் பால் குடிக்கும் வாகு வரவில்லை, வேறு கோளாறு இல்லை என்றார் டாக்டர். பிறகு தினமும் ஏழு மாடி ஏறி, சாந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் வாயைப் பொருத்திக் காட்டினேன்.

மறுபடி நிறுக்கும்போது அக்கா பாக்குவெட்டியோடு தயங்கி நின்றார். "இங்க குடுங்கக்கா, நான் புடிச்சிக்கிறேன்" என்றேன். வலது கை பிள்ளைக்கு அடியில் தொடாமல், இடது கையில் பாக்குவெட்டி. இருபதாம் நாள் முள் பிறந்த எடையைத் தாண்டி நின்றது. அக்கா அழுதார். நானும்தான்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் தராசை மாட்டும்முன் இரும்பைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். சாவி, கத்தரிக்கோல், ஒரு வீட்டில் ஸ்பேனர்!

சாந்தியின் அந்தப் பெண்ணுக்கே போன மாதம் பிள்ளை பிறந்தது. ஓய்வுபெற்ற மிஸ்ஸியாகப் பார்க்கப் போனேன். வந்திருந்த இளம் தாதி மின்தராசில் பிள்ளையைக் கிடத்தினாள். நல்ல எடை, மனம் குளிர்ந்தது. லெட்சுமியக்கா இப்போது இல்லை. பாக்குவெட்டி எங்கே போனதென்று சாந்திக்கும் தெரியவில்லை. என் இடது கை மட்டும் பழக்கதோஷத்தில் நீண்டது. அதில் வைக்க யாரிடமும் எதுவும் இல்லை.