சிவப்பு நூல் கட்டிய நீத்துப்பெட்டி

என் பயணப் பையில், மாற்றுச் சட்டைகளுக்கு நடுவே, ஒரு நீத்துப்பெட்டி எப்போதும் இருக்கும். புட்டு அவிக்கப் பனையோலையில் பின்னிய சின்னக் கூம்பு. விளிம்பில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். விடுதிகளில் அடையாள அட்டையைத் தேடிப் பையைக் கிளறும்போதெல்லாம் அதுதான் முதலில் வெளியே விழும். சமையல் வேலைக்கு வந்தவனோ என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும். எனக்கு அந்த வெட்கம் போய்க் கனகாலம்.

கோதுமை என் குடலுக்கு ஆகாது. ஒரு துணுக்குப் பட்டாலும் வயிறு முறுக்கி ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும். சொன்னால், "கொஞ்சமாச் சாப்பிட்டா ஒண்டும் செய்யாது" என்று வைத்தியம் சொல்லுவார்கள். என் வேலையோ தீவுகளில் கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது. இன்று ஊர்காவற்றுறை, நாளை நயினாதீவு, பிறகு நெடுந்தீவு. போகிற இடமெல்லாம் பாண், ரொட்டி, கொத்து, எல்லாம் கோதுமை. சாப்பிடுமுன் சந்தேகம், சாப்பிட்டபின், வயிறு என்ன சொல்லப்போகிறது என்ற காத்திருப்பு. படகில் மற்றவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். நான் இறங்கினதும் எதைத் தின்பது என்று யோசித்துக்கொண்டு வருவேன்.

நெடுந்தீவில் நான் தங்கியது ஓர் அக்காவின் வீட்டில். கணவர் கடலுக்குப் போக, இவர் முன்பக்கத்து அறைகளை வருகிறவர்களுக்கு விட்டுச் சமைத்தும் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் புட்டு மென்மையாக வரட்டுமென்று அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவைக் கலப்பது வழக்கம். விருந்தாளிக்கு என்றால் இன்னும் ஒரு பிடி கூட விழும். அதனால் போன அன்றே என் வயிற்று வருத்தத்தைச் சொல்லிவைத்தேன். மறுநாள் காலை சிவப்பரிசி மாப் புட்டும் மீன் குழம்பும் வந்தன. நம்பிச் சாப்பிட்டேன்.

மதியத்துக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இயந்திர அறைக்கு வெளியே கல்வேலியில் சாய்ந்துவிட்டேன். யாரோ உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். அக்காவுக்கு முகம் கறுத்துப்போயிற்று.

"அந்தோனியார் அறியத் தனி அரிசி மாதான் தம்பி. உமக்கெண்டு இடிச்சு வறுத்தது. என்ர கையால சாப்பிட்டு ஒருத்தரும் இப்பிடி விழேல்லை."

எனக்கோ கோபம். இவரும் ஒரு பிடி போட்டிருக்கிறார், மறைக்கிறார் என்றே நினைத்தேன். இனி இந்த வேலை ஏலாது, படகு ஏறியதும் விலகல் கடிதம்தான் என்று கட்டிலில் கிடந்து புரண்டேன். அக்காவும் சும்மா இருக்கவில்லை. குசினிக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். மா வைத்த தகரப் பேணியை முகர்ந்தார், மா அரிக்கும் அரிப்பைத் தட்டினார், அகப்பையைச் சுரண்டினார்.

பொழுதுபடும் நேரம் ஓடி வந்தார். கையில் காலையில் புட்டவித்த நீத்துப்பெட்டி. "இஞ்ச பாரும்!" ஓலைப் பின்னலுக்குள் ஈர்க்கை விட்டுக் கிண்ட, காய்ந்த வெள்ளை மா பொலபொலவென்று கொட்டியது. எத்தனையோ விருந்தாளிகளுக்கு அவித்த கோதுமை. கழுவினாலும் பின்னலை விட்டுப் போகாது. "நான் போடேல்லைத் தம்பி. இதுதான் போட்டது," என்று சொல்லி அழுதேவிட்டார்.

அடுத்த காலை புதுப்பெட்டி வந்தது, சிவப்பு நூலோடு. தனி ஆணியில் தொங்கும். வீட்டில் வேறு ஒருவரும் தொடக்கூடாது. நான் வேலையை விடவில்லை, அந்த வீட்டு அறையையும் விடவில்லை. வெளியூர்களுக்குப் போகும்போது அந்தப் பெட்டியையும் என் பையில் வைத்தே அனுப்புவார். போதாததற்குச் சாப்பாட்டு நேரம் பார்த்துத் தொலைபேசி அழைப்பு வேறு. "சாப்பிட்டனீரோ? எதில அவிச்சது எண்டு கேட்டனீரோ?" சில நாள் எரிச்சல் வரும். ஆனாலும், எனக்காகப் பதற இன்னொருவர் இருந்ததில் என் பதற்றம் பாதியாகிவிட்டிருந்தது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

போன மாரியில் அக்கா போய்விட்டார்.

இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய விடுதியில் இருக்கிறேன். முன்னால் புட்டு ஆவி பறக்கிறது. "தனி அரிசி மாதான் சேர்" என்கிறார் பரிமாறுகிறவர்.

"எதில அவிச்சது?"

அவர் குசினிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். நான் பையைத் திறந்து நீத்துப்பெட்டியை எடுத்துக்கொண்டு குசினியைத் தேடிப் போகிறேன். மேசையில் தொலைபேசியை மறந்து வைத்தது நினைவுக்கு வர, அதை எடுக்கத் திரும்பி வருகிறேன். பிறகுதான் உறைக்கிறது, இந்த நேரத்தில் அழைக்க இனி ஒருவரும் இல்லை.