அம்மாவுக்காகச் செய்த பெட்டி

அடையாறில் நான் ஒலிபெருக்கிகளை வடிவமைத்துச் சோதிக்கும் அறைக்கு இன்று காலை புதிய மரப்பெட்டிகள் வந்தன. பிரித்ததும் எழுந்த மரத்தூளும் கோந்தும் கலந்த வாசனையில், மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த, பிற்பாடு அடுக்குமாடி எழுவதற்காக இடிக்கப்பட்ட வாடகை வீட்டின் கூடம் அப்படியே திரும்பி வந்தது.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. அதோடு, சமைக்கும்போது பாடுவதையும் நிறுத்திவிட்டாள். அப்பா கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தில் உட்கார்ந்து பழைய பலகைகளை அறுத்து, ஒட்டி, ஸ்பீக்கரைப் பொருத்தி, ரேடியோவோடு இணைப்பார். என்னிடம் இன்று மைக்கும் கணினியும் இருக்கின்றன. அவருக்கு இருந்தது எதிரே மணை போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முகம்தான்.

"கேக்கறதாடி?" என்று உரக்கக் கேட்பார்.

"மிருதங்கம் கேக்கறது. பாட்டு கேக்கலை."

அப்பா மறுபடியும் திருகாணிகளைக் கழற்றுவார். அந்த மழைக்காலம் முழுவதும் இப்படியே போனது.

ஒரு மத்தியானம் பெரிய ஸ்பீக்கருக்கு மேலே உள்ளங்கையளவு சின்ன ஸ்பீக்கர் ஒன்றையும் சேர்த்து முடுக்கினார். அம்மா பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள்.

"குரல் வரது," என்றாள். பிறகு மெல்லக் கூடவே பாடத் தொடங்கினாள்.

அப்போது பார்த்து வீட்டுக்குப் பின்னால் மின்சார ரயில் தடதடத்து வந்தது. அதில் எங்களுக்கு எதுவுமே கேட்கவில்லை. அம்மாவோ நிறுத்தவில்லை. ரயில் போய் முடியும்வரை அப்பாவும் நானும் அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.